ஒன்றில் ஓடுகிறது, நான்கில் நின்றுவிடுகிறது: பேரலல் மெஷ் ரிஃபைன்மென்ட்டில் பிழை பிடிக்கும் வழி

ஒரே புரோசஸில் ஓட்டினால் விடை சரியாக வருகிறது. நான்கில் ஓட்டினால் மூன்றாவது சுற்றில் புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. லேப்டாப் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருக்கிறது. அல்லது அதைவிட மோசம்: நிற்காமல் ஓடி முடித்து, நான்காவது தசம இடத்தில் வேறு எண்ணைக் காட்டுகிறது. ஒரு வடிவத்தை மெஷ் என்ற செல்களின் வலையாகப் பிரித்து, வேண்டிய இடத்தில் செல்களை மேலும் நுணுக்கி (அதுதான் ரிஃபைன்மென்ட்) சமன்பாட்டைத் தீர்ப்பது ஃபைனைட் எலிமென்ட் முறை. அப்படி ஒரு நிரலை முதல் தடவையாகப் பல புரோசஸ்களுக்கு, அதாவது வேலையைப் பங்கு போட்டு ஒன்றாக ஓடும் பல பிரதிகளுக்கு, மாற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று நடந்தே தீரும். எனக்கு இரண்டும் நடந்தன, அதுவும் ஒரே வாரத்தில்.

அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு டீல் டூ நூலகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1990களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் தொடங்கிய திறமூல சி++ நூலகம் அது. அதற்காக பாங்கர்த், ஹார்ட்மன், கான்ஷாட் மூவருக்கும் 2007இல் வில்கின்சன் பரிசு கிடைத்தது. அதில் அதிகம் பயன்படும் பேரலல் மெஷ் வகை, செல்களைப் பங்கு போடும் வேலையைத் தானே செய்வதில்லை. பர்ஸ்டெட், வில்காக்ஸ், காட்டாஸ் ஆகியோர் உருவாக்கிய பி-ஃபாரெஸ்ட் என்ற இன்னொரு நூலகத்திடம் விட்டுவிடுகிறது. உங்கள் கையில் இருப்பது வேறு மென்பொருள் என்றாலும் பரவாயில்லை. பெயர்கள்தான் மாறும், பிழை ஒளிந்திருக்கும் இடங்கள் ஏறக்குறைய இவையேதான்.

முதலில்: இந்தச் செல் யார் பட்டாவில் இருக்கிறது?

நாலு பேர் ஒரு வயலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் பங்கு உங்கள் பெயரில் பட்டாவாகியிருக்கிறது. அதில் உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்துக்காரர் நிலம். நின்று எட்டிப் பார்க்கலாம், கை வைக்க முடியாது. அதற்கும் அப்பால் என்ன விளைகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

டீல் டூவிலும் ஒவ்வொரு புரோசஸுக்கும் செல்கள் இப்படி மூன்று வகைதான். சொந்தச் செல் பட்டா நிலம். கோஸ்ட் செல் வரப்புக்கு அந்தப் பக்கத்து முதல் வரிசை. சொந்தச் செல் ஒன்றை ஒரு மூலையிலாவது தொடுகிற அயல் செல்கள் எல்லாமே இதில் சேரும். அவற்றின் மதிப்புகளைப் படிக்கலாம், எழுதக் கூடாது. மூன்றாவது, ஆர்டிஃபிஷியல் செல். முரட்டு மெஷ், அதாவது நுணுக்குவதற்கு முந்தைய ஆரம்ப மெஷ், எல்லாப் புரோசஸ்களிடமும் முழுசாக இருக்கும். ஆகவே தூரத்து நிலத்தையும் ஏதோ ஒரு செல்லால் நிரப்பியாக வேண்டும். அதற்காக வைத்த பொம்மைச் செல்கள் இவை. அவற்றில் டிஓஎஃப், அதாவது கணக்கில் கண்டுபிடிக்க வேண்டிய மதிப்பு, கிடையாது, கேட்டால் புரோகிராம் விழும்.

ஒரே புரோசஸில் ஓட்டும்போது எல்லாச் செல்லும் சொந்தச் செல்தான். அதனால்தான் பட்டா பார்க்காமல் எழுதிய நிரலும் அங்கே ஒழுங்காக ஓடிவிடுகிறது. நான் பார்த்தவரை பேரலல் ரிஃபைன்மென்ட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை கணக்குப் பிழைகள் அல்ல, பட்டாத் தகராறுகள். சந்தேகம் வந்த ஒவ்வொரு வரியிலும் இதையே கேளுங்கள்: இந்த வரி தொடுகிற செல்லோ, வெக்டர் உறுப்போ என்னுடையதா? என்னுடையது இல்லையென்றால் படிக்கிறேனா, எழுதுகிறேனா? வரப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும் முனைக்கும் விதி உண்டு. இரு புரோசஸ்களுக்கு நடுவில் இருக்கும் டிஓஎஃப், ரேங்க், அதாவது புரோசஸின் வரிசை எண், சிறியதாக உள்ளவருக்குச் சேரும்.

பங்கு போடுவது எப்படி என்பதையும் தெரிந்துகொண்டால் பின்னால் உதவும். பி-ஃபாரெஸ்ட் செல்களை எல்லாம் இசட் வடிவ வளைகோடு ஒன்றில் வரிசையாகக் கோத்து, அந்த வரிசையை வெட்டிக் கொடுக்கிறது. சிக்குக் கோலம் மாதிரி கையை எடுக்காமல் போகும் கோடு இல்லை இது, ஆங்காங்கே தாவும். அதனால் ஒருவரது நிலம் இரண்டு துண்டாகத் தனித்தனியே கிடக்கலாம். மெஷ்ஷைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் அப்படித் தெரிந்தால் பதற வேண்டாம், அது பிழை இல்லை.

ஓட்டுவதற்கு முன்

டிபக் பில்ட் போடுங்கள், அதாவது உள்சோதனைகளோடு நிரலைக் கம்பைல் செய்யுங்கள். இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ரிலீஸ் பில்டில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். டீல் டூவின் உள்ளே ஆயிரக்கணக்கான அசெர்ட் சோதனைகள் இருக்கின்றன. கோஸ்ட் உறுப்பில் எழுதினாலோ, ஆர்டிஃபிஷியல் செல்லிடம் டிஓஎஃப் எண் கேட்டாலோ அவையே வரி எண்ணோடு சொல்லிவிடும். ரிலீஸ் பில்டில் அத்தனையும் நீங்கிவிடும். டிபக் பில்ட் பல மடங்கு மெதுவாக ஓடும். சின்ன மெஷ்ஷில் அது ஒரு பொருட்டில்லை.

அப்புறம் ஒரு புரோசஸுக்குள்ளேயே பிரிந்து ஓடும் த்ரெட்களை நிறுத்துங்கள். புரோசஸ்கள் ஒன்றோடொன்று பேச உதவும் எம்பிஐயைத் தொடங்கும் வரியிலேயே த்ரெட் எண்ணிக்கையை 1 என்று கொடுக்கலாம். இரண்டு வகைப் பேரலலிசமும் ஒன்றாக ஓடினால் குற்றவாளி யார் என்று தெரியாது. லேப்டாப்பில் 4 கோர்தான் இருக்கிறது, ஆனால் 5 புரோசஸ் வேண்டும் என்றால் ஓப்பன் எம்பிஐ இடமில்லை என்று மறுக்கும். ‘ஓவர்சப்ஸ்கிரைப்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஓட்டிவிடும். வேகம் பற்றி இப்போது கவலை இல்லை.

பிரச்சினையைப் பதினாறு செல்லுக்குக் கொண்டுவாருங்கள்

முப்பது லட்சம் செல்லில் வரும் பிழையை முப்பது லட்சம் செல்லிலேயே தேடாதீர்கள். ஓரலகுச் சதுரம், இரு பரிமாணம், க்யூ1 எலிமென்ட் (மூலைகளில் மட்டும் முனை உள்ளது), இரண்டு முறை முழுதாக நுணுக்கினால் 16 செல். இதற்குள் பிழையைக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை 1, 2, 3, 5 புரோசஸ்களில் ஓட்டுங்கள். ஏன் இந்த எண்கள்? ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறந்த நான்கையும் டீல் டூ பிரிக்காமல் ஒரே புரோசஸிடம் வைக்கிறது. பின்னால் அவற்றைத் திரும்பச் சேர்த்து ஒன்றாக்க வேண்டியிருந்தால் எல்லாம் ஒரே கையில் இருக்க வேண்டுமே. ஆகவே 16 செல் என்பது பங்கு போடும்போது நான்கு குடும்பங்கள்தான். 4 புரோசஸ் என்றால் ஆளுக்கொரு கால் சதுரம், எல்லாம் அழகாக அமைந்து பிழையை மறைத்துவிடும். 3 என்றால் பங்கு கோணும், ஒருவருக்கு 8, மற்ற இருவருக்குத் தலா 4. 5 என்றால் நான்கு குடும்பத்துக்கு ஐந்து பேர், ஒருவராவது வெறுங்கையோடு நிற்பார்.

அந்த வெறுங்கைப் புரோசஸ் ஒரு நல்ல சோதனைக்காரர். சொந்தச் செல்களின் சராசரி எரர் கணக்கிடும் வரியில் பூஜ்ஜியத்தால் வகுத்து ‘நேன்’, அதாவது எண்ணே அல்லாத மதிப்பு, வரும். அந்த நேன் எல்லாருடைய கூட்டலிலும் கலந்துவிடும். முதல் செல்லை எடுத்து அளவு பார்க்கும் வரியில் செல்லே இருக்காது. பெரிய கணிப்பொறியில் முரட்டு மெஷ்ஷோடு நூறு புரோசஸில் தொடங்கும்போது வரும் மர்ம விபத்துகளில் பல இந்த ஐந்து புரோசஸ் சோதனையிலேயே பிடிபடும்.

அப்படியே நின்றுபோனால்

நின்றுபோவதைத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் சுலபம், ஏனென்றால் குற்றவாளி அந்த இடத்தை விட்டு நகராமல் அங்கேயே நிற்கிறான்.

புரோகிராமைக் கொல்லாதீர்கள். இன்னொரு டெர்மினலில் அதன் புரோசஸ் எண்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுடனும் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து, எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் பேக்ட்ரேஸ் கேளுங்கள். உபுண்டுவில் சாதாரணப் பயனர் ஏற்கனவே ஓடும் புரோசஸுடன் இணைய அனுமதி இருக்காது, சுடோ போட வேண்டியிருக்கும். நான்கு பேக்ட்ரேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மேலே உள்ள வரிகள் எல்லாம் எம்பிஐயின் உள்விவகாரம், அவற்றைத் தாண்டி உங்கள் நிரலின் பெயர் வரும் முதல் வரிக்கு இறங்குங்கள்.

எனக்குக் கிடைத்தது இது. 1, 2, 3ஆம் ரேங்க்குகள் மூன்றும் மெஷ்ஷை நுணுக்கும் வரியில் காத்திருந்தன. 0ஆம் ரேங்க் மட்டும் முடிவை அச்சிடும் வரியில் நின்றிருந்தது. போய்ப் பார்த்தால், நான் எழுதியது: ரேங்க் 0 என்றால் மட்டும் விடை வெக்டரின் எல்2 நார்மை அச்சிடு. பார்க்க அப்பாவி வரி. ஆனால் நார்ம் என்பது எல்லாருடைய பங்கையும் கூட்டி வரும் எண். ‘ஆல்ரெட்யூஸ்’ என்ற கூட்டு அழைப்பு அதற்குள் இருக்கிறது. எல்லாரும் வந்தால்தான் அது முடியும். மற்ற மூவரும் அந்த வரிக்குள் வராமல் தாண்டிப் போய்விட்டார்கள். நார்மை எல்லா ரேங்க்கிலும் கணக்கிட்டு, அச்சிடுவதை மட்டும் 0க்கு விட்டிருக்க வேண்டும். இரண்டு வரியை இடம் மாற்றியதில் தீர்ந்தது, கண்டுபிடிக்க ஒரு நாள் போனது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒன்று, சுற்றை எப்போது நிறுத்துவது என்ற முடிவு. எரர் போதுமான அளவு குறைந்தால் வெளியே போ என்று எழுதியிருப்பீர்கள். அந்த எரர் அந்தந்தப் புரோசஸின் சொந்த எண்ணாக இருந்தால், ஒருவர் முதலில் வெளியேறிவிடுவார், மற்றவர்கள் அடுத்த சுற்றில் அவருக்காகக் காத்திருப்பார்கள். பெரும எரரை எல்லாரிடமும் கேட்டு எடுத்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, எனக்கு நுணுக்க ஒன்றுமில்லை, ஆகவே நுணுக்கும் செயற்கூற்றைக் கூப்பிட மாட்டேன் என்று ‘இஃப்’ போட்டு மிச்சம் பிடிப்பது. நுணுக்குவதும் கூட்டு வேலைதான். நுணுக்கு என்று செல்லில் வைக்கும் ஃபிளாக் உங்களிடம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஆஜராக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எம்பிஐ கூட்டு அழைப்புகளை வரி எண் பார்த்து ஜோடி சேர்ப்பதில்லை, வரும் வரிசைப்படிதான் சேர்க்கிறது. ஒருவர் நார்முக்காகப் போட்ட ஆல்ரெட்யூஸும் இன்னொருவர் செல் எண்ணிக்கைக்காகப் போட்ட ஆல்ரெட்யூஸும் ஜோடி சேர்ந்துவிட்டால் புரோகிராம் நிற்காது, குப்பை எண்ணோடு மேலே போகும். அதைவிட நின்றுபோவதே மேல்.

சத்தம் போட்டு விழுந்தால்

டிபக் பில்டில் அசெர்ட் செய்தியை நிதானமாகக் கடைசிவரை படியுங்கள், அது போதும். நாலு புரோசஸும் ஒன்றாகக் கத்தினால் எழுத்துகள் பின்னிக்கொள்ளும், ஒவ்வொரு ரேங்க்குக்கும் தனிக் கோப்பில் வெளியீட்டைத் திருப்பிவிடுங்கள். நீங்களாகச் சேர்க்கும் அச்சு வரிகளில் ரேங்க் எண்ணை முன்னால் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பஃபரைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் விழுவதற்குச் சற்று முன்னால் அச்சிட்டது பஃபரிலேயே செத்துப்போகும். திரையில் முதலில் தெரிந்தது முதலில் நடந்தது என்றும் நம்பாதீர்கள்.

தப்பான விடை: இங்கேதான் நேரம் போகும்

நிற்கவும் இல்லை, விழவும் இல்லை, எண் மட்டும் சரியில்லை. இதற்கு ஒழுங்காக ஒரு சோதனை கட்ட வேண்டும்.

விடை ஏற்கனவே தெரிந்த கணக்கை எடுங்கள். லாப்லாஸ் சமன்பாடு, வலப்பக்கம் பூஜ்ஜியம், எல்லை மதிப்பு எக்ஸ் கூட்டல் இரண்டு ஒய். இதன் விடை உள்ளேயும் அதே நேர்கோட்டுச் சார்புதான். க்யூ1 எலிமென்ட் இதைத் துல்லியமாகப் பிடிக்கும், மெஷ் எவ்வளவு கோணல்மாணலாக நுணுக்கப்பட்டிருந்தாலும். சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வரின் நிறுத்த வரம்பைப் பத்தின் அடுக்கு கழித்தல் 12 அளவுக்கு இறுக்கி வையுங்கள். எந்த முனையிலாவது அதைவிடப் பல மடங்கு பெரிய எரர் தெரிந்தால் அது தோராயத்தின் குறை அல்ல, நிரலின் பிழை. ‘இன்னும் நுணுக்கினால் சரியாகிவிடும்’ என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை. இந்தச் சோதனைக்கு இருக்கும் பெரிய மதிப்பே அதுதான்.

எங்கே நுணுக்குவது என்பதை, எரரை மதிப்பிட்டுச் சொல்லும் எஸ்டிமேட்டரிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். 0.4, 0.4 என்ற புள்ளியிலிருந்து 0.3 தூரத்துக்குள் மையம் இருக்கும் செல்களை நுணுக்கு என்று சொல்லுங்கள். 16இல் ஐந்து செல்கள் மாட்டும். மெஷ் ஸ்மூத்திங் (நூலகமே கூடுதல் செல்களை நுணுக்கும் வசதி) எதுவும் போடாவிட்டால் ஐந்தும் நான்கு நான்காகி, மிச்சம் 11 அப்படியே நிற்க, மொத்தம் 31. இது புரோசஸ் எண்ணிக்கையைப் பொறுத்து மாறவே கூடாது. ஒவ்வொரு ரேங்க்கின் சொந்தச் செல்களைக் கூட்டினாலும் 31 வர வேண்டும். 37, 40 என்று வந்தால் கோஸ்ட் செல்களையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள்.

இப்போது முனைகளின் எரரை, செல் யாருடையது என்ற எண்ணோடு சேர்த்து பாராவியூவில் வரையுங்கள். எரர் எங்கே தெரிகிறது என்பதே நோய் என்ன என்று சொல்லிவிடும்.

புரோசஸ்களுக்கு நடுவிலான வரப்பு நெடுக எரர் தெரிந்தால், செல்களின் பங்களிப்பை மேட்ரிக்ஸில் கூட்டும் அசெம்ப்ளியைப் பாருங்கள். வரப்பு முனைக்கு இரு பக்கத்திலிருந்தும் பங்களிப்பு வர வேண்டும். பக்கத்துக்காரருக்குச் சேர வேண்டியதை அனுப்பிவைக்கும் வேலையை மேட்ரிக்ஸின் ‘கம்ப்ரெஸ்’ அழைப்பு செய்கிறது, அதுவும் கூட்டல் முறையில். அதை மறந்திருக்கலாம், அல்லது வலப்பக்க வெக்டருக்கு மட்டும் மறந்திருக்கலாம். அல்லது செல் வளையத்தில் சொந்தமா என்ற கேள்வி இல்லாமல் கோஸ்ட் செல்லையும் கூட்டியிருப்பீர்கள், அதனால் வரப்பு முனைகளில் இரட்டை வரவு.

பெரிய செல்லும் சின்னச் செல்லும் சந்திக்கும் கோடுகளில் மட்டும், எந்தப் புரோசஸாக இருந்தாலும், எரர் தெரிந்தால் அது பேரலல் பிழையே இல்லை. ஒரே புரோசஸிலும் அது இருக்கும். தொங்கு முனைக்கு, அதாவது பெரிய செல்லின் விளிம்பு நடுவே விழும் சின்னச் செல்லின் மூலைக்கு, வேண்டிய கட்டுப்பாடுகளைச் சேர்க்கவில்லை, அல்லது சால்வ் செய்த பிறகு கட்டுப்பாடுகளை விடைக்குப் பரப்பவில்லை.

இரண்டும் குறுக்கிடும் இடங்களில் மட்டும், அதாவது தொங்கு முனை வரப்பின் மேல் விழுந்த இடத்தில் மட்டும் எரர் தெரிந்தால், அதுதான் நாம் தேடி வந்த ஆள். நம் 31 செல் மெஷ்ஷிலேயே அப்படி ஒரு விளிம்பு இருக்கிறது. ஒய் 0.5, எக்ஸ் 0.5இலிருந்து 0.75 வரை. கீழே நுணுக்கிய செல், மேலே நுணுக்காத செல். நடுவில் 0.625இல் தொங்கு முனை. அதற்குச் சுய புத்தி கிடையாது, இரு முனைகளின் சராசரிதான் அது. இடப் பக்கம் 1.5, வலப் பக்கம் 1.75, ஆகவே நடுவில் 1.625. இப்போது வல முனை இன்னொரு புரோசஸின் பட்டாவில் இருந்து, அதன் மதிப்பு உங்கள் கோஸ்ட் பிரதிக்கு வந்து சேராமல் பூஜ்ஜியமாகவே கிடந்தால் என்ன ஆகும்? தொங்கு முனை 0.75 என்று ஆகும். பக்கத்து முனைகள் எல்லாம் சரி, நடுவில் ஒரு பள்ளம். படத்தில் ஒற்றைப் பல் விழுந்தது மாதிரி தெரியும்.

இதற்குக் காரணங்கள் வழக்கமாக இரண்டு. கட்டுப்பாடுகளை வைத்திருக்கும் பொருளைச் சொந்த டிஓஎஃப் தொகுப்பை மட்டும் கொடுத்துத் தொடங்கியிருப்பீர்கள். கோஸ்ட் செல்களின் டிஓஎஃப்பும் சேர்ந்த ‘ரெலெவன்ட்’ தொகுப்பைக் கொடுக்க வேண்டும், வரப்பின் மேல் உள்ள கட்டுப்பாடுகள் இருவருக்கும் தெரிந்தாக வேண்டுமே. இன்னொரு காரணம் வெக்டர் வகைகளைக் குழப்பிக்கொள்வது. டீல் டூவில் கோஸ்ட் உறுப்பு உள்ள வெக்டர் படிக்க மட்டும், கோஸ்ட் இல்லாத வெக்டர் எழுத மட்டும் என்று மனதில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். சால்வ் செய்வதும், கட்டுப்பாடுகளைப் பரப்புவதும் கோஸ்ட் இல்லாததில். முடிந்ததும் அதைக் கோஸ்ட் உள்ளதற்கு ஒரே ஒரு சமன் குறியில் ஒதுக்குங்கள், அந்த வரிதான் வரப்பு தாண்டி மதிப்புகளைக் கொண்டுவருகிறது. அதற்குப் பிறகே எஸ்டிமேட்டருக்கும் வெளியீட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

எஸ்டிமேட்டரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

நேர்கோட்டுச் சோதனை தேறியதும் உண்மையான எரர் எஸ்டிமேட்டருக்கு மாறலாம். கெல்லி எஸ்டிமேட்டர் செல்லுக்குச் செல் சாய்வு எவ்வளவு தாவுகிறது என்பதை முகங்களில் அளக்கிறது. ஆகவே வரப்பு முகங்களில் பக்கத்துக்காரரின் மதிப்புகள் அதற்கு வேண்டும். பழைய கோஸ்ட் மதிப்புகளைக் கொடுத்தால் அங்கே இல்லாத தாவல் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தச் செல்களை நுணுக்கச் சொல்லும். மெஷ் உங்கள் இயற்பியலை விட்டுவிட்டு வரப்பின் ஓரமாகவே நுணுகிக்கொண்டு போகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எந்தச் செல்லை நுணுக்குவது என்ற தேர்வை நீங்களே எழுதியிருந்தால் இன்னொரு பொறி. எரர் அதிகமுள்ள 30 சதவீதம் என்பது மொத்த மெஷ்ஷில் 30 சதவீதம். ஒவ்வொரு புரோசஸும் தன் பங்கில் 30 சதவீதம் எடுத்தால், ஒன்றும் நடக்காத மூலைக்குச் சொந்தக்காரரும் வீணாக நுணுக்குவார். இதற்கென்று உள்ள பேரலல் செயற்கூற்றையே பயன்படுத்துங்கள்.

ஒரு புரோசஸுக்கும் மூன்றுக்கும் ஒப்பிட நான் செய்வது இதுதான். ஒவ்வொரு ரேங்க்கும் தன் சொந்தச் செல்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வரி எழுதட்டும்: செல் ஐடி, மையம், எரர், ஃபிளாக். செல்லின் இண்டெக்ஸ் எண்ணைப் போடாதீர்கள், அது புரோசஸுக்குப் புரோசஸ் மாறும். செல் ஐடி மாறாது, ஏனென்றால் அது வம்சாவளி. 0_2:03 என்றால் முரட்டு மெஷ்ஷின் 0ஆம் செல், இரண்டு தலைமுறை கீழே, முதலில் 0ஆம் பிள்ளை, அதனுடைய 3ஆம் பிள்ளை. அதாவது கீழ் இடக் கால் சதுரத்தின் மேல் வல மூலை. எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக்கி ‘சார்ட்’ செய்து, ஒரு புரோசஸ் ஓட்டத்தின் கோப்போடு ‘டிஃப்’ எடுங்கள். முதலில் வித்தியாசப்படும் செல்லில் போய் உட்காருங்கள்.

எண்களை 6 இலக்கத்தோடு நிறுத்துவது நல்லது. கூட்டும் வரிசை மாறினால் பதினாறாவது இலக்கம் மாறுவது இயல்பு. சமச்சீரான கணக்கில் பல செல்களுக்கு எரர் ஒரே மாதிரி இருக்கும். அந்த இம்மி வித்தியாசம் ஒருவரைக் கோட்டுக்கு மேலேயும் இன்னொருவரைக் கீழேயும் தள்ளி, மொத்தச் செல் எண்ணிக்கையே சிறிது மாறலாம். அதைத் துரத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன். இன்னொன்றும் பிழை இல்லை: நீங்கள் ஃபிளாக் வைத்ததைவிட அதிகச் செல்கள் நுணுங்குவது. பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்குள் ஒரு நிலைக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பதால், வரப்புக்கு அந்தப் பக்கத்து ஃபிளாக் உங்கள் நிலத்திலும் அலை அடிக்கும்.

விடையைப் புதிய மெஷ்ஷுக்கு நகர்த்துவது

நேரம் சார்ந்த கணக்குகளில் பழைய மெஷ்ஷின் விடையைப் புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே வரிசைதான் எல்லாம். ஃபிளாக் வைத்த பிறகு, மெஷ்ஷிடம் ‘ப்ரிபேர்’ சொல்லுங்கள். அப்போதுதான் அந்த அலை அடித்த ஃபிளாக்குகளும் சேரும். அதன் பின் நகர்த்தும் பொருளுக்கு கோஸ்ட் உள்ள வெக்டரைக் கொடுத்துத் தயாராக்குங்கள். பிறகு ‘எக்ஸிக்யூட்’. செல்கள் நுணுங்கி, பட்டாவும் மாறிவிடும். டிஓஎஃப்களைப் புதிதாக எண்ணி, சொந்தத் தொகுப்பு, ரெலெவன்ட் தொகுப்பு, கட்டுப்பாடுகள் மூன்றையும் மறுபடி கட்டுங்கள். கோஸ்ட் இல்லாத புது வெக்டரில் விடையை வாங்கி, கட்டுப்பாடுகளைப் பரப்பி, கோஸ்ட் உள்ளதற்கு ஒதுக்குங்கள்.

நடுவில் ஏதாவது ஒன்றைப் பழையதாகவே விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. கிளாஸின் உறுப்பாக வைத்திருந்த பழைய தொகுப்பு அப்படியே இருக்கும். அளவு தற்செயலாகப் பொருந்தினால் அசெர்ட்டும் வாயைத் திறக்காது.

சோதிக்க சால்வரே வேண்டாம். எக்ஸ் கூட்டல் இரண்டு ஒய் சார்பை வெக்டரில் போட்டு, நுணுக்கி, சேர்த்து, பத்துச் சுற்று நகர்த்துங்கள். நேர்கோட்டுச் சார்பு இதில் தேயவே கூடாது. பத்தாவது சுற்றிலும் ஒவ்வொரு முனையிலும் அதே மதிப்பு இருக்க வேண்டும்.

எல்லை எண்கள் காணாமல் போகும்போது

குழாய் ஒன்றில் பாய்வுக் கணக்கு. நுழைவாயில் முகங்களுக்கு எல்லை எண் 1, சுவருக்கு 0. ஒரு புரோசஸில் எத்தனை சுற்று ஓட்டினாலும் சரி. ஆறில் ஓட்டினால் மூன்றாவது சுற்றில் நுழைவாயிலின் ஒரு பகுதி மட்டும் சுவராகிவிடுகிறது. நான் எல்லை எண்களை முதல் முழு ரிஃபைன்மென்ட்டுக்குப் பிறகு, நுணுங்கிய முகங்களில் வைத்திருந்தேன். பட்டா மாறும்போது ஒரு செல் ஒரு புரோசஸில் அழிந்து இன்னொன்றில் முரட்டு மெஷ்ஷிலிருந்து மறுபடி பிறக்கிறது. பிறக்கும்போது தாய் முகத்தின் எண்ணைத்தான் கொண்டுவருகிறது, நான் பின்னால் ஒட்டிய எண்ணை அல்ல. ஒரே புரோசஸில் பட்டா மாறுவதே இல்லை, ஆகவே அங்கே இது தெரியாது.

எண்களை முரட்டு மெஷ்ஷிலேயே, ஒரு முறைகூட நுணுக்குவதற்கு முன், எல்லா ரேங்க்கிலும் ஒரே மாதிரி வையுங்கள். பிள்ளை முகங்கள் தாமாக வாங்கிக்கொள்ளும். வடிவம் அதற்கு இடம் தராவிட்டால் ஒவ்வொரு ரிஃபைன்மென்ட் முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும், அதற்கென்று டீல் டூவில் சிக்னல் வசதி உண்டு. மெட்டீரியல் எண்ணுக்கும் இதே கதைதான். பிளாஸ்டிசிட்டி போன்றவற்றில் செல்லுக்குள் தொகையிடப் பயன்படும் குவாட்ரச்சர் புள்ளிகளில் வைத்திருக்கும் வரலாற்றுத் தரவு இன்னும் மோசம். நீங்களாக மூட்டை கட்டி அனுப்பாவிட்டால் அது செல்லோடு பயணமே செய்யாது.

முப்பரிமாணத்துக்குப் போகும்போது

16 செல் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகு ஒரேயடியாக உங்கள் பெரிய கணக்குக்குத் தாவாதீர்கள். முதலில் க்யூ2. அங்கே தொங்கு முனையின் எடைகள் வெறும் பாதி பாதி இல்லை. விளிம்பின் கால் தூரத்தில் உள்ள முனைக்கு 3/8, 3/4, கழித்தல் 1/8. சோதனைச் சார்பையும் இருபடியாக மாற்றி, வலப்பக்கத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் முப்பரிமாணம். அங்கே இரு செல்கள் முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் பகிர்ந்துகொண்டு, மூன்று நான்கு புரோசஸ்கள் ஒரே விளிம்பில் கூடும். முகத்துக்கு முகம் பார்த்து நீங்களே எழுதிய பரிமாற்ற நிரல் ஏதாவது இருந்தால் அது இங்கேதான் காலை வாரும்.

இந்தச் சின்னச் சோதனைகளை வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாமல், 1, 3, 5 என்று மூன்று எண்ணிக்கையிலும் தானாக ஓடும்படி சிடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் சேர்த்துவிடுங்கள். டீல் டூவின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலும் எத்தனை புரோசஸில் ஓட்ட வேண்டும் என்பது எதிர்பார்க்கும் வெளியீட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கும். மூன்றும் சேர்ந்து ஓடி முடிய என் பழைய லேப்டாப்பில் ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆவதில்லை.